நூறு வெள்ளிக்குள் ஸ்டீரியோ ஒலியைச் சீராக்க முடியுமா?

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஒரு ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தது (எத்தனை வருடமாகவோ!). சரியாக மாட்டியதும் பாடகர் குரல் நடுவுக்கு வந்தது, கூடவே தவிலும் கும்மென்று கிளம்பியது. மூலையிலிருந்து இரண்டு சாண் முன்னால் இழுத்தேன், பாதி அடங்கிவிட்டது.

இப்போது தொல்லை எதிரொலிதான். டைல்ஸ் தரை, எதிரே கண்ணாடி சன்னல். கைதட்டினால் கணீரென்று திரும்புகிறது. முதலில் கம்பளமா, கனத்த திரையா? கடைக்காரர் விலையுயர்ந்த கேபிள் வாங்கச் சொல்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. அப்புறம், ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் ரப்பர் சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்குமா? கீழ்வீட்டு ஆன்ட்டி இதுவரை பொறுமையாக இருக்கிறார்.