வால்வு ஆம்ப், டிஜிட்டல் மாடலர்: மேடையில் உங்களுக்கு நடந்தது என்ன?

ஈ மைனர் அண்ணாச்சி (பாளையங்கோட்டை):

கிடாருக்குக் கண்ணாடி வால்வில் ஓடும் ஆம்ப் நல்லதா, அந்த ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலர் நல்லதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வீடியோக்களை நானும் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். இரண்டுமே ஒரே மைக்கில் நுழைந்து என் செல்போன் ஸ்பீக்கரில் வெளியே வருகின்றன. அதில் என்ன வித்தியாசம் தெரியும்? அதனால் உங்கள் கையில் நடந்ததை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். 22 வாட், பவர் பகுதியில் இரண்டு 6வி6 வால்வு. அமெரிக்காவில் இருந்த சித்தப்பா மகன் ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமானோடு கப்பலில் வந்தது. 120 வோல்ட் ஆம்ப் என்பதால் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் கூடவே சுமக்க வேண்டும். ஆம்ப் மட்டுமே 19 கிலோ இருக்கும்.

போன டிசம்பரில் கேரல் ஆராதனை. கோயிலில் ஒரு தம்பி ஆர்வக்கோளாறில் என் ஆம்பை நேராகச் சுவரில் சொருகிவிட்டான். 'பட்'. பியூஸ் போனதோடு தப்பித்தது, ஆனால் மாற்று பியூஸ் கையில் இல்லை. பேஸ் வாசிப்பவரின் மகன் ஒரு மாடலரைக் கொண்டு வந்தான், காலால் மிதித்து மாற்றுகிற ரகம். அதில் டீலக்ஸ் ரிவெர்ப் என்று தேடி எடுத்து, நேராக மிக்ஸருக்குக் கொடுத்தோம். இரண்டு பாட்டு முடிந்ததும் பாடகர் குழு மாஸ்டர் என்னிடம் வந்து, "இன்னைக்குத்தான் கிடார் தெளிவா கேக்குது" என்றார். பதினோரு வருஷமாக அந்த ஆம்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனிடம் சொல்கிற வார்த்தையா இது?

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. இரண்டே நொடி. லைட் வந்தது, கீபோர்டு பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, என் மாடலர் மட்டும் திரையில் கம்பெனி லோகோவைக் காட்டிக்கொண்டு முதலிலிருந்து எழுந்து வந்தது. ஏறக்குறைய 40 நொடி. அதற்குள் சரணமே முடிந்துவிட்டது. நான் சும்மா கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அதே ஹாலில் வால்வு ஆம்போடு எத்தனையோ முறை இப்படிக் கரண்ட் மாறியிருக்கிறது. ஒலி மூச்சு இழுத்த மாதிரி அமுங்கி, உடனே திரும்ப வரும். வால்வுக்குள் சூடேறிய கேத்தோடு என்கிற பாகம் இரண்டு நொடியில் ஆறிவிடாது, அவ்வளவுதான். இதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேடைத் தாத்தா (மதுரை):

அண்ணாச்சி, மெல்லிசைக் குழுவில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். எனக்கு ஆம்ப் என்கிற பொருளே மேடையில் கிடைத்ததில்லை. ஜூம் 505 வந்த காலத்திலிருந்து ப்ராசஸர் (கிடார் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி), அதிலிருந்து ஒரு ஒயர், அது மிக்ஸருக்கு. திருவிழாவில் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது கோன் ஸ்பீக்கர். அவருக்காக 6வி6 எரிய வேண்டுமா?

ஆனால் மாடலர் வாங்கும் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு, நானும் செய்திருக்கிறேன். கிடார் ஸ்பீக்கர் என்பது தானே ஒரு வடிகட்டி. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கரகரப்பை அது முழுங்கிவிடும். மாடலரில் அந்த ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷனை அணைத்துவிட்டு மிக்ஸருக்குக் கொடுத்தால் தகர டப்பாவில் வண்டு மாட்டிய சத்தம் வரும். சிமுலேஷனைப் போட்டுக்கொண்டு நிஜ ஆம்பின் இன்புட்டில் சொருகினாலோ, ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி. "டிஜிட்டல் என்றாலே உயிரில்லை" என்று என்னிடம் சொன்னவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைச் செய்துவைத்திருந்தார்கள்.

ஜெனரேட்டருக்கு ஒரு கதை. ஆபரேட்டர் தூங்கிவிட்டால் எங்கள் பக்கத் திருவிழாக்களில் வோல்டேஜ் 180க்கு இறங்கும். ராக் கிடாரிஸ்ட் எடி வான் ஹாலன், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்துத் தன் மார்ஷல் ஆம்புக்கு வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைத்துக் கொடுத்தார். நம் ஊரில் அது இலவசம். மாடலர்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் அடாப்டர் 100 முதல் 240 வரை எது வந்தாலும் ஒரே மாதிரி ஓடும்.

சரி, உங்கள் பிரச்சினைக்குக் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் போதும்.

அரை வாட் (வேளச்சேரி):

நான் மூன்றாவது மாடி. 15 வாட் வால்வு ஆம்ப் வைத்திருந்தேன். வால்யூம் 2ஐத் தாண்டியதே இல்லை; 3க்குப் போன அன்று கீழ்வீட்டு மாமி வந்து, "ஏதாவது உடைஞ்சு போச்சாப்பா?" என்று கேட்டார். அந்த ஆம்ப் இனிப்பதே 6க்கு மேல்தான். விற்றுவிட்டேன். இப்போது மாடலர், ஹெட்போன், ராத்திரி ஒரு மணி. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்கார்பரோ சுண்டல் (ரொறன்ரோ):

அண்ணாச்சியின்ட அதே ஆம்ப் என்னட்டயும் இருக்கு. 2019இல் ஃபெண்டர் கம்பெனியே அதே முகத்தோடு டோன் மாஸ்டர் என்று டிஜிட்டல் ஒன்றை விட்டார்கள் அல்லவா? என் மச்சான் அதை வாங்கினார். அதே கறுப்புப் பெட்டி, அதே வெள்ளிச் சீலை, தூக்கினால் பாதிப் பாரம்தான். பின்னுக்கு ஒரு சுவிட்ச், 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரைக்கும் குறைக்கலாம்.

போன மாரியில் எங்கட பேஸ்மென்டில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, அம்மாவின் பழைய சேலையால் மறைத்துவிட்டு, வாசிக்கிறவர் தவிர மற்றவர்கள் எது ஒலிக்கிறது என்று எழுதிக் காட்டுவது என்று வைத்தோம். சுத்தமான ஒலியில் ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. நானே என்ட ஆம்பை இரண்டு முறை பிழையாகச் சொன்னேன். வால்யூமை 7க்கு ஏற்றிய பிறகு வாசித்தவருக்கு மட்டும் தெரிந்தது. பலமாக அடித்தால் வால்வு ஆம்ப் ஒரு கணம் அமுங்கிப் பிறகு எழும்பும். ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரும் வால்வு என்பதால் அதால் உடனே ஈடுகொடுக்க ஏலாது. டோன் மாஸ்டரிலும் அந்த அமுக்கம் இருக்கு, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கு என்றார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அதுவும் தெரியவில்லை.

எல்லாச் சுற்றிலும் சரியாகச் சொன்னது எங்கட டிரம்மர் ஒருவர்தான். கன நேரம் பிடிவாதமாக இருந்து, கடைசியில் உண்மையைச் சொன்னார்: மணத்தை வைத்துக் கண்டுபிடித்தாராம். சூடான வால்வில் தூசு கருகும் மணம், சேலைக்குப் பின்னால் இடது பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

ஈயப்பற்று (சென்னை):

ஆம்ப் சர்வீஸ் செய்கிறவன். யாருக்கும் சாதகமாகப் பேசப் போவதில்லை, இரண்டுமே எனக்குச் சோறு போடுகின்றன. சரி, ஒன்று கொஞ்சம் குறைவாகப் போடுகிறது.

அண்ணாச்சி, முதலில் உங்களுக்கு. அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம்முடையது 50. ஸ்டெப் டவுன் போட்டாலும் ஹெர்ட்ஸ் மாறாது. உள்ளே இருப்பது கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும். பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். அப்புறம், பியூஸ் போனால் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே 400 வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது நிற்கும். தொழில் பழகிய முதல் வருஷம் என் வலது கை நடுவிரல் அதில் பட்டு, உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன்.

என்னிடம் வரும் வால்வு ஆம்ப்களில் பாதிக்கு வியாதி சின்னது. மணி மாதிரி கிணுங்குகிறது என்பார்கள். ஆம்பை ஆன் செய்துவிட்டு, முன்பகுதியில் உள்ள 12ஏஎக்ஸ்7 என்கிற சின்ன வால்வு ஒவ்வொன்றையும் பென்சிலால் மெதுவாகத் தட்டினால், கெட்டுப்போனது ஸ்பீக்கர் வழியாகத் தானே கத்திக் காட்டிக்கொடுக்கும். மாற்றினால் முடிந்தது. ஆனால் வால்வு விலை? உலகத்தில் இதைச் செய்வது கைவிட்டு எண்ணும் தொழிற்சாலைகள்: ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா. 2022இல் போர் தொடங்கியபோது ரஷ்யச் சரக்கு நின்றுபோனது. அப்போது ஏறிய விலையை இன்னும் மறக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் நம் பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனியே வால்வு செய்தது, வீட்டு வால்வு ரேடியோக்களுக்காக. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய பெல் இஎல்84 வால்வு ஜோடி ஒன்றை ஒரு பையனின் 15 வாட் ஆம்பில் போட்டுக் கொடுத்தேன். தாத்தா காலத்தில் செய்தி வாசித்த வால்வு, நாலு வருஷமாக மெட்டல் இசை வாசித்துக்கொண்டிருக்கிறது.

மாடலர் வந்தால் நான் என்ன செய்வேன்? சுவிட்ச், ஜாக், திரை, இவ்வளவுதான் மாற்றலாம். மெயின் போர்டு போனால் தலையணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பத்து வருஷம் கழித்து அதற்கு உதிரி பாகம் எங்கே தேடுவது?

ஈ மைனர் அண்ணாச்சி:

எல்லோருக்கும் நன்றி. சேலை வைத்துச் சோதித்த தம்பி சொன்னதைப் படித்ததும் ஒன்று செய்து பார்த்தேன். அந்தப் பையனின் மாடலரில் கேபினெட்டை அணைத்துவிட்டு, ஒரு பவர் ஆம்ப் வழியாக, 12 இன்ச் கிடார் ஸ்பீக்கர் உள்ள பழைய பெட்டியில் கொடுத்தேன். பெட்டி முழங்கால் உயரத்தில், நான் அதற்கு மூன்றடி முன்னால். சட்டென்று பழைய ஆள் வந்துவிட்டார்! வேட்டி நுனி ஆடுகிறது, தந்தியை விட்டாலும் ஸ்வரம் தானாக நிற்கிறது. அப்போதுதான் உறைத்தது. அன்று ஹாலில் மாஸ்டருக்குத் தெளிவாகக் கேட்டதும் எனக்கு உயிரில்லாமல் கேட்டதும் ஒரே காரணத்தால்தான். மாடலர் மிக்ஸருக்குக் கொடுப்பது மைக் பிடித்த ஒலி, சபைக்கு எப்போதும் போவது அதுதான். இத்தனை வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்தது என் காலடியில் கிடந்த பெட்டியை. அந்த ஒலியை என்னைத் தவிர யாரும் கேட்டதே இல்லை.

ஆனாலும் ஆம்பை விற்கப் போவதில்லை.

தாத்தா சொன்னபடி யூபிஎஸ் வாங்கிவிட்டேன். போன ஞாயிறு கரண்ட் போனது, மாடலர் அசையவில்லை. ஆனால் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. திருவிருந்து நேரம், மொத்தச் சபையும் மௌனம், பீப், பீப் என்று ஏறக்குறைய ஜி ஷார்ப்பில். பாஸ்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இதை நிறுத்த வழி உண்டா?

மேடைத் தாத்தா:

பட்டன் இருந்தால் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள், சில மாடலில் ஊமையாகும். இல்லையென்றால் ஈயப்பற்று தம்பியிடம் கொடுங்கள், பஸ்ஸரைக் கழற்றிவிடுவார். அதுவரை பாட்டை ஜி ஷார்ப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.