புதுப்பிப்பு: மேக்ஃபைலிலிருந்து ஜஸ்ட்டுக்கு மாறிய பிறகு

எங்கள் திட்டத்தின் ஷெல் கட்டளைகளை (கணினிக்கு எழுத்தில் கொடுக்கும் ஆணைகளை) மேக் என்ற கருவி படிக்கும் கோப்பான மேக்ஃபைலில் தொகுத்து வைத்திருந்ததையும், ‘டெஸ்ட்’ என்ற கோப்புறை உருவானதும் அதே பெயரிலான சோதனைக் கட்டளை ஓடாமல் போனதையும் சென்ற மாதம் இந்த இழையில் எழுதியிருந்தேன். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக், கோப்புகளை உருவாக்குவதற்கான கருவி என்பதால், இலக்கின் (நாம் ஓட்டச் சொல்லும் தொகுப்பின்) பெயரில் கோப்போ கோப்புறையோ ஏற்கெனவே இருந்தால் வேலை முடிந்ததாகக் கொண்டுவிடுகிறது. அந்த இலக்கை ஃபோனி, அதாவது கோப்பல்ல, வெறும் கட்டளைப் பெயர் என்று அறிவித்தாலே போதும்தான். ஆனாலும் கட்டளைகளை ஓட்டுவதற்கென்றே எழுதப்பட்ட ஜஸ்ட்டுக்கு மாறினேன்.

ஜஸ்ட்டிலும் ஒவ்வொரு வரியும் தனி ஷெல்லில் ஓடுவதால், ஒரு வரியில் ‘சிடி’ கொடுத்து நுழைந்த கோப்புறை அடுத்த வரிக்குத் தெரியாது. அதற்காகக் கட்டளைத் தொகுப்பின் தலையில், முழுவதையும் பாஷ் என்ற ஷெல்லில் ஓட்டச் சொல்லும் ஷெபாங் வரியைச் சேர்த்தேன். முழுவதும் ஒரே நிரலாக ஓடியது. ஆனால் நடுவில் காப்புநகல் எடுப்பது தோல்வியடைந்த பின்னும் நிற்காமல், அடுத்த வரியிலிருந்த ‘ஆர்எம்’ பழைய நகல்களை அழித்துவிட்டது. வரிவரியாக ஓடும்போது பிழை நேர்ந்த இடத்திலேயே ஜஸ்ட் நிறுத்திவிடும். ஷெபாங் வைத்துவிட்டால் அந்தப் பொறுப்பு பாஷுக்குப் போய்விடுகிறது. ஆகவே, இதைப் பின்பற்றுவோர் ஷெபாங்குக்கு அடுத்த வரியாக, பிழை நேர்ந்ததும் நிறுத்தும்படி பாஷுக்குச் சொல்லும் ‘செட் -இ’ என்பதைத் தவறாமல் எழுதுங்கள். நான் எல்லாத் தொகுப்புகளிலும் அதைச் சேர்த்துவிட்டேன்.