அப்புவின் மைனருக்குப் பின்பக்க சீல் எங்கே?

குழு: அப்புவின் மைனர்

சனிக்கிழமை

காலை 7:05
நான்: அனைவருக்கும் வணக்கம். அப்புவின் பழைய மொறிஸ் மைனர் காரின் எஞ்சினில் ஒயில் ஒழுகுவதை நிறுத்த, லண்டனில் இருந்து அக்கா அனுப்பிய பொதி நேற்று மாலை கோண்டாவிலுக்கு வந்து சேர்ந்தது. சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டம்) இரண்டு பக்கத்துக்குமான தக்கைக் காஸ்கெட்டுகள் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்புகள்), முன் பெயாரிங் மூடிக்கும் பின் பெயாரிங் மூடிக்கும் அரைவட்டமாக வளைத்து வைக்கும் தக்கைப் பட்டிகள், ரைமிங் கவரின் (எஞ்சினின் முன்பக்க மூடி) காஸ்கெட்டும் சீலும் (சுழலும் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் வளையம்), பக்க மூடிகளின் தக்கைகள், செப்பு வாஷர்கள் எல்லாம் இருக்கின்றன. கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்பக்க சீலை மட்டும் காணவில்லை. ஒயில் அதிகமாகச் சொட்டுவது அந்தப் பக்கத்தில்தான்.

காலை 7:20
லண்டன் அக்கா: முழுத் தொகுதி வேண்டும் என்று கேட்டுத்தானே பணம் கட்டினேன்? 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சிசி என்றும் தெளிவாக எழுதியிருந்தேன். கடைக்காரருக்கு இன்றைக்கே முறைப்பாடு எழுதுகிறேன்.

காலை 7:41
பெரிய மாமா: பிள்ளை, அவசரப்பட வேண்டாம். அந்த எஞ்சினுக்குப் பின்பக்க சீல் என்ற ஒன்றே கிடையாது. இல்லாத பொருளை அவர் எப்படி அனுப்புவார்? கிராங்கின் பின்முனையில் மரை வெட்டியது போலச் சுருளாக ஒரு வரி இருக்கும். கிராங் சுழலும்போது அந்த வரி, வெளியே வர முனையும் ஒயிலை உள்ளே தள்ளிவிட, அது ஒரு துவாரத்தின் வழியாகச் சம்ப்புக்கே திரும்பிவிடும். சுழற்சி நின்றால் தள்ளுவதற்கு ஆள் இல்லை, ஆகவே நிறுத்திய பிறகு ஓரிரு துளி விழுவது அந்த எஞ்சினின் பிறவிக் குணம்.

காலை 7:48
ரொறன்ரோ சித்தப்பா: அண்ணை, இப்போது அந்த இடத்துக்கு றப்பர் சீல் பூட்டும் மாற்றுத் தொகுதிகள் விற்கிறார்களே. ஒன்று வாங்கி அனுப்பட்டுமா?

காலை 7:59
பெரிய மாமா: பெயாரிங் தேய்ந்து கிராங் தாழ்ந்திருந்தால் எந்தச் சீலும் நிலைக்காது. முதலில் பெயாரிங்கைப் பார்ப்போம். தம்பி, சொட்டுவதாகச் சொல்கிறாயே, எந்த இடத்தில் சொட்டுகிறது என்று பார்த்துச் சொல். ஒயில் கீழ்நோக்கியும் காற்று அள்ளும் திசையிலும் ஓடும். மேலே கசிவது கீழே வந்துதான் சொட்டும். எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவிவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிடு. பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் வருத்தம்.

காலை 8:03
மாமி: என்னுடைய பவுடர் டப்பாவைத் தொட வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளவும்.

பிற்பகல் 12:30
நான்: பார்த்துவிட்டேன். சம்ப்பின் ஓரம் முதலில் நனையவில்லை. மனிபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றும் வெளியே புகையும் போகும் குழாய்த் தொகுதி) அடியில் உள்ள பக்க மூடியில் இருந்துதான் ஒயில் இறங்கி, சம்ப்பின் விளிம்பு வழியாகப் பின்னால் ஓடுகிறது. முன்பக்கம் பெல்ட் ஓடும் புளிச் சக்கரத்துக்குப் பின்னாலும் ஈரம் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு கராஜில் கொடுத்தபோது, ஒழுக்கை நிறுத்துவதாகச் சொல்லிச் சம்ப் ஆணிகளை (போல்ட்டுகளை) இறுக்கிய மட்டும் இறுக்கி, கிளச் வீட்டின் (கிளச்சை மூடியிருக்கும் கூடு) அடியில் இருந்த சிறு துவாரத்தையும் சிலிக்கனால் அடைத்துத் தந்தார்கள். அதன் பிறகுதான் கிளச் வழுக்கத் தொடங்கியது.

பிற்பகல் 12:44
பெரிய மாமா: கதை விளங்கிவிட்டது. அந்தத் துவாரம் அடைக்கப்படவே கூடாத துவாரம். பின்னால் கசியும் துளிகள் வெளியே போவதற்காகவே அதை வைத்து, அடைபடாமல் இருக்க உள்ளே ஒரு ஸ்பிலிட் பின்னையும் (இரு காலாகப் பிளந்த கம்பி ஊசி) ஆடவிட்டிருப்பார்கள். கார் குலுங்கும் போதெல்லாம் அந்தப் பின் அழுக்கை இடித்து விழுத்தும். வழியை அடைத்தால் ஒயில் உள்ளே தேங்கிக் கிளச்சில் தெறிக்காமல் வேறு எங்கே போகும்? கிளச் தட்டு மாற்ற எஞ்சினை எப்படியும் இறக்கத்தான் வேண்டும். அதோடு சம்ப்பையும் கழற்றிவிடுவோம். நாளை செயின் புளொக்கோடு (எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பி) வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

மாலை 6:15
நான்: எஞ்சின் இறங்கியது, சம்ப்பும் கழன்றது. அடியில் ஒரு விரல் ஆழத்துக்கு, ஒடியற்கூழ் பதத்தில் கறுப்பு மண்டி. ஒயில் பம்ப்பின் வலையில் சிலிக்கன் துணுக்குகள் நூல் நூலாகச் சிக்கியிருந்தன.

மாலை 6:22
ரொறன்ரோ சித்தப்பா: அந்த மண்டியில் பாதி தொண்ணூறுகளின் சொத்தாக இருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டியல்லவா? எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். அப்பு அடிக்கடி ஒயில் அளவுகோலை இழுத்து மணந்து பார்ப்பது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மாலை 6:50
பெரிய மாமா: நேரில் இருந்து பார்த்ததில் பெயாரிங்குகள் நல்ல நிலையில் இருக்கின்றன, கிராங்கும் தாழவில்லை. ஆகவே மாற்றுத் தொகுதி வேண்டாம். உண்மையான குற்றவாளி இதுதான்: பக்க மூடியில் இருந்து கீழே இறங்கும் மூச்சுக்குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கார் ஆறு மாதம் ஓடாமல் நின்ற காலத்தில் கட்டியிருக்க வேண்டும். மேல் மூடியில் இருந்து ஏர் கிளீனருக்குப் போகும் குழாயும் பிசின் பிடித்துக் கிடந்தது. பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால், எஞ்சினுக்குள் அமுக்கம் ஏறி, பலம் குறைந்த விளிம்புகள் எல்லாவற்றாலும் ஒயிலைத் தள்ளிவிடும். குழாயைத் திறக்காமல் காஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு மாதத்தில் மறுபடியும் இதே இடத்தில் நின்றிருப்போம்.

மாலை 6:58
லண்டன் அக்கா: நல்ல வேளை, நான் கடைக்காரருக்கு எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை

இரவு 8:10
நான்: சம்ப்பின் விளிம்பைத் தட்டையான கண்ணாடியில் கவிழ்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஆணித் துவாரமும் வெளியே பிதுங்கி, இடைப்பட்ட பகுதி கண்ணாடியைத் தொடாமல் நிற்கிறது. புதுத் தக்கையை இப்படியே வைக்கலாமா?

இரவு 8:31
பெரிய மாமா: வைக்கக் கூடாது. முதிரைக் கட்டையில் விளிம்பை வைத்து, பிதுங்கிய துவாரங்களைச் சிறிய சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டிச் சமப்படுத்து. பழைய தக்கையை மழுங்கல் கத்தியால் சுரண்டி, இரண்டு முகத்தையும் எண்ணெய்ப் பசை போகத் துடை. அரைவட்டப் பட்டிகளை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தால் வெடிக்காமல் வளையும். பட்டியின் இரு முனைகளும் விளிம்புக்கு மேல் சற்று எழும்பி நிற்கும். நீளம் கூடிவிட்டது என்று நினைத்து வெட்டிவிடாதே, சம்ப் அழுத்தும்போது அந்த மிச்சம்தான் மூலையை அடைக்கும். பட்டியும் பக்கக் காஸ்கெட்டும் சந்திக்கும் நான்கு மூலைகளில் மட்டும் மொச்சைக் கொட்டையளவு பசை போதும்.

இரவு 8:40
நான்: ஆணிகளை எவ்வளவு இறுக்குவது?

இரவு 8:46
பெரிய மாமா: ஆறு இறாத்தல்-அடி. அதாவது 7/16 ஸ்பனரைக் கழுத்தில் பிடித்து, கைமணிக்கட்டால் மட்டும் திருப்பும் பலம். முதலில் எல்லாவற்றையும் விரலால் பூட்டி, பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி வா. அகலமான வாஷர்களை மறக்காதே. முன்பக்க ரைமிங் கவரில் பழைய சீலைக் கழற்றியபின், அது கம்பளியா றப்பரா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு புதியதை வை. கவரின் ஆணிகளைத் தளர்வாக விட்டு, புளியைச் சீலுக்குள் செருகிக் கவரை நடுவில் நிற்கச் செய்தபின் இறுக்கு. முதலில் கவரை இறுக்கிவிட்டுப் புளியைத் திணித்தால் சீல் ஒரு பக்கம் தேய்ந்து, முன்பக்கமும் ஒழுகத் தொடங்கும்.

அடுத்த சனிக்கிழமை

காலை 6:35
நான்: நேற்று எஞ்சினைத் திரும்ப ஏற்றி, 20டபிள்யூ-50 மினரல் ஒயில் ஊற்றி, சுன்னாகம் வரை ஓடிவிட்டு வந்து, இரவு முழுவதும் அடியில் காகித மட்டை விரித்து வைத்தேன். முன்பக்கம் காய்ந்திருக்கிறது, பக்கமும் காய்ந்திருக்கிறது. கிளச் வீட்டின் துவாரத்துக்கு நேர் கீழே மட்டும் இரண்டு பொட்டு.

காலை 6:41
ரொறன்ரோ சித்தப்பா: முன்பு எத்தனை?

காலை 6:42
நான்: முன்பு எண்ண முடியாது, சித்தப்பா. மாமியின் பலகாரத் தட்டம் நிறையும்.

காலை 6:44
மாமி: அந்தத் தட்டத்தைத்தான் மூன்று மாதமாகத் தேடினேன்.

காலை 7:02
பெரிய மாமா: இரண்டு பொட்டுக்குக் கவலை வேண்டாம். தக்கை இறங்கிப் படியும், ஆகவே நூறு கிலோமீற்றர் ஓடியபின் சம்ப் ஆணிகளை ஒருமுறை தொட்டுப் பார், தளர்ந்ததை மட்டும் இறுக்கு. துவாரத்தில் புது ஸ்பிலிட் பின் போட்டாயா?

காலை 7:05
நான்: போட்டுவிட்டேன், மாமா. விரலால் தட்டினால் ஆடுகிறது.