60 பேரில் 3 பேர்: நம்பிக்கை இடைவெளி மைனஸில் வருகிறதே?

சர்ஜரி_பிஜி:
எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) தீசிஸ் முடிக்கிற நேரம். மெஷ் (வலை) வைத்து ஹெர்னியா ஆபரேஷன் செய்த 60 பேரை 30 நாள் வரை பார்த்ததில் 3 பேருக்குக் காயத்தில் தொற்று. அதாவது 5%. வழக்கமான சூத்திரப்படி திட்டப்பிழை (standard error, மாதிரிக்கு மாதிரி விகிதம் எவ்வளவு மாறலாம் என்பதன் அளவு) √(0.05 × 0.95 ÷ 60) = 0.028. அதை 1.96-ஆல் பெருக்கிக் கூட்டிக் கழித்தால் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) −0.5% முதல் 10.5% வரை. தொற்று மைனஸில் எப்படி வரும்? "0-ன்னு போட்டுட்டுப் போங்க" என்கிறார் கைடு. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளித்தேர்வாளர், இதைப் பிடித்துக்கொண்டால்?

இன்னொன்று. மெஷ்ஷை வெளியே எடுக்கவேண்டி வந்தவர் ஒருவர்கூட இல்லை. அதற்கு 0 ± 0 என்று எழுதலாமா?

ரிட்டயர்ட்_வாத்தியார்:
டாக்டர், மைனஸை 0 ஆக்கினால் கீழ்முனையின் அசிங்கம் மறையும், அவ்வளவுதான். எனக்குக் கவலை மேல்முனையில். உண்மையான தொற்று விகிதம் 12% என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது திட்டப்பிழை 0.028 அல்ல, √(0.12 × 0.88 ÷ 60) = 0.042. உங்கள் 5% அதிலிருந்து 1.67 திட்டப்பிழை தூரத்தில்தான் இருக்கிறது, 1.96-ஐத் தாண்டவில்லை. ஆக 12% சாத்தியமே. உங்கள் இடைவெளியோ 10.5-லேயே கதவைச் சாத்திவிட்டது. நோயாளிக்கு எது முக்கியம், சொல்லுங்கள்?

ஒவ்வொரு விகிதத்துக்கும் அதனதன் திட்டப்பிழையை வைத்துப் பார்ப்பதுதான் புள்ளியியலில் வில்சன் 1927-இல் சொன்ன முறை. உங்கள் கணக்குக்கு 1.7% முதல் 13.7% வரை வரும். நடுப்புள்ளி 5-இல் இருக்காது, 7.7-க்கு நகரும். அது சரிதான், பயப்படாதீர்கள். கிளாப்பர், பியர்சன் இருவரும் 1934-இல் கொடுத்த துல்லிய முறையில் 1.0% முதல் 13.9% வரை, கொஞ்சம் அகலம் அதிகம். எதை எடுத்தாலும் செய்முறைப் பகுதியில் பெயரை எழுதுங்கள். இரண்டையும் போட்டுப் பார்த்து அழகானதைப் பொறுக்குவது வேண்டாம்.

0 ± 0 எழுதவே கூடாது. 60 பேரில் யாருக்கும் வரவில்லை என்பதால் 61-வது ஆளுக்கும் வராது என்று அர்த்தமா என்ன? 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள்: 3 ÷ 60 = 5%. அது 95% ஒருபக்க மேல்வரம்பு. 1983-இல் ஜாமா (JAMA) என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஹான்லியும் லிப்மன்-ஹேண்டும் டாக்டர்களுக்கென்றே எழுதிய எளிய விதி. துல்லியமாகப் போட்டால் 4.9%. அட்டவணையின் மற்ற வரிசைகளைப் போல இருபக்கமாக வேண்டுமென்றால் 0 முதல் 6.0% வரை.

சரி, ஒரு கேள்வி: 60 என்பது ஆட்களா, ஹெர்னியாக்களா? இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆனவரை இரண்டாக எண்ணியிருந்தால் மேலே சொன்னது எதுவும் செல்லாது. ஒரே உடம்பு, ஒரே சர்க்கரை நோய். அந்த இரண்டு காயமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல.

ஆர்_பைத்தியம்:
ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் பைனாம்.டெஸ்ட் (binom.test) கொடுத்தால் 1.0–13.9 நேராக வரும். ப்ராப்.டெஸ்ட் (prop.test) கொடுத்தால் வாத்தியார் சொன்ன 1.7–13.7 வராது, இடைவெளியைச் சற்று அகலமாக்கும் தொடர்ச்சித் திருத்தம் தானாகவே சேர்ந்துவிடும். அதை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், வில்சன் வரும். "தோராயம் தவறாக இருக்கலாம்" என்று எச்சரிக்கை காட்டினால் கண்டுகொள்ள வேண்டாம். அது கைவர்க்கப் (chi-square) பரிசோதனையைப் பற்றியது, இடைவெளியைப் பற்றியது அல்ல.

சர்ஜரி_பிஜி:
சார், ஆட்கள்தான். இருபக்கம் செய்தவர்களையும் ஒருவராகவே எண்ணினேன். எந்தப் பக்கம் தொற்று வந்தாலும் ஒன்று. வில்சனையே வைத்துக்கொள்கிறேன். கைடிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த பிரச்சினை.

ரிட்டயர்ட்_வாத்தியார்:
12% கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்வார். அப்புறம், அட்டவணையில் வெறும் 5% போடாமல் 3/60 என்பதையும் சேருங்கள். தசமம் ஒரு இலக்கம் போதும். 60 பேரை வைத்துக்கொண்டு 13.70 என்று எழுதினால் எக்ஸ்டர்னல் அதைத்தான் முதலில் கேட்பார்.