நோய்ப் பரவல் மாதிரி 11ஆம் வகுப்புக்கு: எக்செலில் உச்சம் இரண்டு நாள் தள்ளிப்போகிறது, ஏன்?

கேள்வி – பதினொன்றாம் வகுப்பு கணக்கு

நோய்ப் பரவலை வைத்துக் கணித மாதிரியாக்கம் நடத்த மூன்று பீரியட் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பெருக்குத் தொடரும் மடக்கையும் தெரியும். வகைக்கெழுச் சமன்பாடு 12இல்தான் வரும்.

எடுத்திருக்கும் தரவு, 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆண்கள் உறைவிடப் பள்ளி ஒன்றில் பரவிய இன்ஃபுளுயன்சா. மொத்தம் 763 மாணவர்கள். நாள்வாரியாகப் படுக்கையில் இருந்தோர்: 3, 8, 26, 76, 225, 298, 258, 233, 189, 128, 68, 29, 14, 4.

எல்லாரையும் தொற்றாதோர், நோயுற்றோர், மீண்டோர் என்று பிரிக்கும் எஸ்.ஐ.ஆர். மாதிரியில் பீட்டா (எல்லாரும் தொற்றாதோராக இருக்கும்போது ஒரு நோயாளி ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பரப்புவார்) 1.66, காமா (நோயுற்றோரில் ஒரு நாளில் மீளும் பங்கு) 0.44 என்று போட்டு, எக்செலில் ஒரு வரிசைக்கு ஒரு நாள் என ஓட்டினால் உச்சம் 8ஆம் நாளில் 354 என்று வருகிறது. தரவிலோ 6ஆம் நாளில் 298. சூத்திரத்தைச் சரிபார்த்துவிட்டேன். பிசகு எங்கே? எக்செலில் நேரடியாகத் தொடங்கலாமா, அதற்கு முன் செய்கை ஏதாவது வேண்டுமா?

பதில் 1 – வரைபடத்தாள்

சூத்திரம் சரிதான், ஒரு வரிசைக்கு ஒரு நாள் என்ற படிதான் பெரிது. அந்த பீட்டாவும் காமாவும் தொடர்ச்சியான மாதிரிக்கானவை. அதில் தொடக்க வளர்ச்சி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3.4 மடங்கு. உங்கள் அட்டவணையில் அது 1 + 1.66 − 0.44 = 2.22 மடங்குதான். காலையில் தொற்றியவர் மாலைக்குள் இன்னொருவருக்குப் பரப்புவதை ஒரு நாள் படி கணக்கில் எடுப்பதில்லை.

படியை 0.1 நாளாக்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் புதுத் தொற்று, மீண்டோர் இரண்டையும் 0.1ஆல் பெருக்க வேண்டும். 14 நாளுக்கு 140 வரிசை. உச்சம் 6, 7ஆம் நாள்களுக்கு இடையே 300ஐ ஒட்டி வந்துவிடும். மீண்டோரை மட்டும் 0.1ஆல் பெருக்க மறப்பது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. தொற்றாதோர், நோயுற்றோர், மீண்டோர் மூன்றின் கூடுதலும் எல்லா வரிசையிலும் 763தானா என்று தனிப் பத்தியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பத்தியில் கழித்த எண்ணும் அடுத்த பத்தியில் கூட்டிய எண்ணும் வேறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பதில் 2 – பகடை

முதல் பீரியடில் கணினி வேண்டாம். 40 பேர் வகுப்பென்றால் 1 முதல் 40 வரை எழுதிய சீட்டுகளை ஒரு பையில் போடுங்கள். இருவர் நோயுற்றோர். ஒவ்வொரு சுற்றிலும் நோயுற்ற ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். அந்த எண்ணுக்குரியவர் இதுவரை தொற்றாதவர் என்றால் அவர் அடுத்த சுற்றிலிருந்து நோயுற்றவர். சீட்டு எடுத்தவர் பிறகு பகடை உருட்டுவார். 1 அல்லது 2 விழுந்தால் மீண்டவர். ஆக பீட்டா 1, காமா 1/3; ஒருவர் சராசரியாக 3 சுற்று நோயுற்றிருப்பார். ஆறேழாம் சுற்றில் 12 முதல் 15 பேர் வரை ஒரே நேரத்தில் நோயுற்றிருக்க வாய்ப்பு அதிகம்.

மீண்டவரின் சீட்டைப் பையிலிருந்து எடுத்துவிடவே கூடாது. எடுத்துவிட்டால் வீணாகும் சந்திப்புகள் குறைந்துபோகும். பரவல் தானாகத் தணிவதைப் பிள்ளைகள் தெளிவாகப் பார்க்க முடியாது. இந்தச் செய்கையின் உயிரே அந்த வீண் சந்திப்புகள்தான்.

இன்னொன்று: கரும்பலகையில் 'இப்போது நோயுற்றோர்', 'இதுவரை தொற்றியோர்' என்று இரண்டு பத்தி வையுங்கள். கொரோனா காலத்து தினசரி அறிக்கைகளில் பலரும் குழப்பிக்கொண்டது இந்த இரண்டையும்தான்.

கேட்டவர்

0.1 போட்டதும் வளைவு தரவோடு ஒட்டிவிட்டது, நன்றி. ஆனால் 1.66ம் 0.44ம் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகள் கேட்பார்களே?

பதில் 3 – எச்சம்

அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் 3, ஐந்தாம் நாள் 225. நான்கு நாளில் 75 மடங்கு. நான்காம் மூலம் 2.94. அதன் இயல் மடக்கை 1.08. பீட்டாவிலிருந்து காமாவைக் கழித்தால் வருவது இதுதான்.

காமாவுக்கு, பதினான்கு எண்களையும் கூட்டுங்கள்: 1,559 படுக்கை நாள்கள். மொத்தம் படுத்தவர்கள் 512 பேர். ஆளுக்கு 3.04 நாள், எனவே காமா 1 ÷ 3.04 = 0.33, பீட்டா 1.08 + 0.33 = 1.41. இதை எக்செலில் போட்டால் உச்சம் 320ஐத் தாண்டுகிறது, ஏறத்தாழ 750 பேருக்குத் தொற்றுகிறது. பொருந்தவில்லை.

சரி, பொருந்துகிற 1.66, 0.44ஐ எடுங்கள். அதிலும் ஏறத்தாழ 742 பேருக்குத் தொற்றுகிறது! படுத்தவர்களோ 512 பேர். அப்புறம் வளைவு எப்படி ஒட்டியது? காமா 0.44 என்றால் ஆளுக்கு 2.27 நாள்தான், 742 பேருக்கு 1,686 படுக்கை நாள்கள், உண்மையான 1,559க்குப் பக்கத்தில். ஆட்களைக் கூட்டி, நாளைக் குறைத்து, மாதிரி சரிக்கட்டிக்கொள்கிறது. மூன்றாம் பீரியட் முழுவதையும் இதற்கே கொடுக்கலாம். படுக்கையில் இருப்பவர் தனிமைப்படுத்தப்பட்டவர். அவர் இன்னும் பரப்புகிறாரா? படுக்காமலே தொற்றுடன் நடமாடியவர்கள் உண்டா? எல்லாரும் எல்லாரையும் சமமாகச் சந்தித்தார்களா? ஒவ்வொரு குழுவும் ஒரு கருதுகோளை மாற்றி, எந்த எண் எந்தப் பக்கம் நகரும் என்று ஓட்டுவதற்கு முன்பே எழுதித் தரட்டும். மதிப்பெண்ணை அந்தக் காரணத்துக்குக் கொடுங்கள், வளைவு ஒட்டியதற்கு அல்ல.

பதில் 4 – வரைபடத்தாள்

எச்சம் சொன்னதற்கு வீட்டுப்பாடமாக இன்னொரு தரவு பொருந்தும். கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1927இல் இந்த எஸ்.ஐ.ஆர். மாதிரியை வெளியிட்டபோது ஒப்பிட்டுக் காட்டியது 1905–06 பம்பாய் பிளேக் மரணங்களோடு. வளைவு அழகாக ஒட்டியது. ஆனால் அந்த பிளேக் முதன்மையாக எலித் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவியது. எலிகளுக்கு அந்தச் சமன்பாட்டில் தனி இடமே இல்லை. எலிகளையும் சேர்த்தால் எத்தனை பெட்டிகள் (தொற்றாதோர், நோயுற்றோர் போன்ற பிரிவுகள்), எந்தப் பெட்டியிலிருந்து எதற்கு அம்புக்குறி என்று வரைந்து வரச் சொல்லுங்கள். சமன்பாடு எழுத வேண்டாம், படம் போதும்.