வாட்ச் கட்டும் இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கருந்திட்டு

கேள்வி: தறிக்காரர், பள்ளிபாளையம்

வணக்கம். வயது 38. விசைத்தறி ஓட்டுகிறேன். இடது மணிக்கட்டில், வாட்ச் கட்டும் இடத்தில், பழைய ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டத் திட்டு. முதலில் சூடு வைத்தது போல எரியும், சிவக்கும், பிறகு நடுவில் ஊதாவாக மாறும். ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கிவிடும். கறுப்பு மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். அது மங்கி வரும் நேரத்தில் அதே இடம் மறுபடியும் சிவக்கிறது. இது மூன்றாவது முறை.

ஸ்டீல் பட்டைதான் ஆகவில்லை என்று நினைத்துத் தோல் பட்டை மாற்றினேன். இரண்டாம் முறை வந்ததும் வாட்சையே கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். போன வாரம் வெறும் கையிலேயே வந்திருக்கிறது. கூடவே கீழுதட்டின் ஓரத்திலும் ஒன்று. மருந்துக் கடையில் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார்கள், பலனில்லை. உதட்டுக் கறுப்பைப் பார்த்துவிட்டு என் மகள் "சிகரெட் பிடிக்கிறீர்களா அப்பா?" என்று கேட்டாள். அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. மனது மிகவும் கஷ்டப்பட்டது. இது என்ன நோய்?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

தம்பி, வாட்சை விடுங்கள். மூன்று முறையும் திட்டு சிவப்பதற்கு முன்னால், அன்றோ முந்தின நாளோ, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? நினைவில்லை என்றால் வீட்டிலுள்ள மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். தோல் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். வந்த இடத்துக்கே திரும்பி வரும் திட்டு என்றால் அங்கே முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

தறிக்காரர்

அம்மா, நீங்கள் சொன்னபடி டப்பாவைக் கொட்டினோம். என் மனைவிக்குத்தான் நினைவு வந்தது. போன வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு. மூன்று மாத்திரை வாங்கி வந்ததில் ஒன்று மிச்சம். அட்டையில் நார்ஃப்ளாக்சசின், டினிடசோல் என்று இரண்டு பெயர்கள். முதல் முறை மாரியம்மன் பண்டிகைக்குப் போய் வந்து வயிறு கெட்டபோது. இரண்டாவது, மச்சான் வீட்டு விசேஷம் முடிந்து. அப்போதும் வயிற்றுக்குத்தான் மாத்திரை வாங்கினேன், பெயர் தெரியவில்லை. வயிற்றுக்குச் சாப்பிட்ட மாத்திரை கையில் வந்து நிற்குமா?

செவிலியர், மதுரை

நிற்கும் தம்பி. ஆங்கிலத்தில் ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன் என்பார்கள். காணாக்கடி தெரியுமல்லவா, உடம்பெல்லாம் தடித்து, சில மணி நேரத்தில் இடம் மாறிவிடும். இது அப்படியல்ல. முதல் முறை தடித்த இடத்துத் தோலிலேயே நோய் எதிர்ப்பு அணுக்களில் சில குடியேறிவிடுகின்றன. வெளியில் கறுப்பு மட்டும்தான் தெரியும். அதே மருந்து மறுபடி உடம்புக்குள் போனதும், பெரும்பாலும் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், அவை விழித்துக்கொண்டு அந்த இடத்துத் தோலையே தாக்குகின்றன. தோலுக்கு நிறம் தரும் துகள்கள் உள்ளே இறங்கித் தங்கிவிடுவதால்தான் கறுப்பு சீக்கிரம் போவதில்லை. உதடு, கை, பிறப்புறுப்பு ஆகியவை இது அடிக்கடி வரும் இடங்கள். பிறப்புறுப்பில் வந்ததைப் பால்வினை நோய் என்று பயந்து, மனைவியிடம் சொல்ல முடியாமல் எங்கள் பிரிவு வாசலில் அழுதவரைப் பார்த்திருக்கிறேன். காரணம் ஒரு சல்ஃபா மாத்திரை.

உங்களுக்கு ஒன்று இரண்டாகியிருக்கிறது. திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் திட்டுகள் கூடும், கொப்புளமும் வரலாம். "அதுதானா என்று பார்ப்போம்" என்று அந்த மிச்ச மாத்திரையை வாயில் போட்டுவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அட்டையைத் தோல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் அந்தக் கறுப்பின் மேலேயே மருந்தை ஒட்டிச் சோதிக்கும் வழி அவர்களிடம் இருக்கிறது.

காய்ச்சலோடு வாய், கண் எல்லாம் புண்ணாகி, தோல் தொட்டாலே வலித்து உரிந்தால் அது வேறு. ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்று 1922இல் அதை விவரித்த இருவர் பெயரால் சொல்வார்கள். உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்டதும் முகம் வீங்கி மூச்சு இரைத்தாலும் அப்படித்தான். அப்போதெல்லாம் இங்கே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

பதில்: மருந்தாளுநர், கரூர்

அண்ணா, கடைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை நினைவில் வைத்துப் பயனில்லை. கடைக்குக் கடை அது மாறும். கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. எது காரணம் என்று மருத்துவர் சொல்லும்வரை இரண்டின் உறவினர்களையும் தவிருங்கள். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை வயிற்றுப்போக்குக்கு எங்கள் கடைகளில் நிறையப் போகிறது. பெயர் வேறாக இருந்தாலும் குடும்பம் ஒன்றே. இவையெல்லாம் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத ஆன்டிபயாடிக் மருந்துகள். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போடுவது அதற்காகத்தான். சாதாரணமாகத் தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலே போதும் என்பதை நாங்கள்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தறிக்காரர்

அப்படியானால் இனி ஆன்டிபயாடிக் எதுவுமே சாப்பிடக் கூடாதா?

பதில்: இரண்டு பிள்ளைகளின் தாய், திருச்சி

அப்படி மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள் அண்ணா. என் மூத்தவனுக்கு மூன்று வயதில் பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் கொடுத்த ஏழாம் நாள் உடம்பெல்லாம் செம்புள்ளி. "பென்சிலின் ஆகாது" என்று நோட்டில் எழுதிவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு தொண்டை வலிக்கும் வேறு வேறு வீரியமான மருந்துகள்தான். ஒன்பது வயதில் ஒரு மருத்துவர் மருத்துவமனையிலேயே உட்கார வைத்து, சிறிய அளவில் தொடங்கிக் கொடுத்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட வரவில்லை. சின்ன வயதில் வந்தது வைரஸ் காய்ச்சலின் புள்ளியாக இருந்திருக்கும் என்றார். ஆறு ஆண்டுகள் வீணாகப் பயந்திருக்கிறோம்.

செவிலியர், மதுரை

அந்தத் தங்கை சொல்வது சரி. ஆனால் அவர் மகனுக்கு வந்தது வேறு, உங்களுக்கு வந்தது வேறு. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் மட்டும் சீட்டில் இருக்கட்டும். அமாக்சிசிலின், அசித்ரோமைசின் எல்லாம் உங்கள் மாத்திரையோடு உறவில்லாத தனித்தனிக் குடும்பங்கள்.

தறிக்காரர், பத்து நாள் கழித்து

தோல் மருத்துவரைப் பார்த்தேன். அட்டையைக் காட்டியதும் உதட்டையும் கையையும் விளக்கடியில் பார்த்துவிட்டு, அம்மா சொன்ன அதே பெயரைச் சொன்னார். இரண்டு மருந்துகளின் பெயரையும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்து, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இதை நீட்டச் சொன்னார். உதட்டுக்கு ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார். கறுப்பு மறைய மாதங்கள் ஆகுமாம். சீட்டை என் மகளிடம் படிக்கச் சொன்னேன். அவளே இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறாள்.