மருத்துவரிடம் சொல்லாமல் விட்டவை: நாள்பட்ட நோயுடன் வாழ்வோரின் அனுபவப் பகிர்வு

முடக்குவாதத்துடன் வாழும் உறுப்பினர் எழுதியது:

நான் முதலில் பார்த்துவந்த மருத்துவர் என் கைகளைவிட என் இரத்தப் பரிசோதனை முடிவுகளையே அதிகம் பார்த்தார். உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பான அளவில் இருந்த மாதங்களில், வலி இருக்கிறது என்று நான் சொன்னால், "ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது" என்பதே பதிலாக வரும். இந்த நோயில் அந்த இரண்டு அளவுகளும் இயல்பாக இருக்கும்போதே மூட்டுகளில் அழற்சி இருக்கக்கூடும் என்பதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன். அந்தப் பதிலைச் சில முறை கேட்டபின், வலியைப் பற்றிப் பேசுவதை நான் படிப்படியாகக் குறைத்துக்கொண்டேன். அவரோ நான் தேறிவருவதாகக் குறிப்பெழுதிக்கொண்டார்.

இப்போது பார்க்கும் மருத்துவர் முதல் சந்திப்பில் வலியின் அளவைக் கேட்கவில்லை. "காலையில் எழுந்ததிலிருந்து விரல்களை முழுதாக மடக்க எவ்வளவு நேரம் ஆகிறது? சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறக்க யாரை அழைக்கிறீர்கள்?" என்று கேட்டார். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிப்பதாக நான் சொன்னதும், அது மூட்டுத் தேய்மானத்தால் வரும் விறைப்பைவிட அழற்சியால் வருவதற்கே அதிகம் பொருந்துகிறது என்று விளக்கினார். நான் வாழும் நாளைப் பற்றிய கேள்விகளாக அவை இருந்ததால், கேட்காதவற்றையும் சேர்த்துச் சொல்லத் தோன்றியது.

மெத்தோட்ரெக்சேட் எழுதியபோது அவர் கடைப்பிடித்த முறையையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். முடக்குவாதத்துக்கு அந்த மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அவர் என்னையே ஒரு கிழமையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, மருந்துச் சீட்டில் அந்தக் கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதி, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்ப்பதற்காகக் கேட்கிறேன், வீட்டில் உள்ளவர்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். பரீட்சை வைப்பதுபோல் இல்லாமல், விளக்கும் பொறுப்பைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்க ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், பலன் இல்லை என்று எண்ணி மூன்றாவது வாரத்திலேயே நான் நிறுத்தியிருப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உங்களுடைய சந்திப்புகளில் எது உங்களைப் பேசவைத்தது, எது வாயை மூடவைத்தது என்பதை எழுதுங்கள்.

தந்தையைப் பராமரிக்கும் உறுப்பினர் எழுதியது:

என் தந்தைக்கு இரத்த அழுத்தம் உண்டு. எனலாப்ரில் தொடங்கிய சில வாரங்களில் அவருக்கு ஓயாத வறட்டு இருமல் வந்தது. இந்த வகை மாத்திரைகள் பிராடிகைனின் என்னும் பொருள் உடலில் சிதைவதைத் தடுப்பதால் சிலருக்கு இப்படி இருமல் வரும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. ஆனால், அதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவராகவே மாத்திரையை நிறுத்திப் பார்த்தார், இருமல் அடங்கியது. மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளன்று காலையில் மட்டும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போவார். அங்கே அழுத்தம் கூடுதலாக இருக்கும். மருந்தின் அளவை மருத்துவர் உயர்த்துவார். வீட்டில் அந்த உயர்த்தப்பட்ட மாத்திரையும் டப்பாவிலேயே கிடக்கும். மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அந்த மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் செய்தார். அந்தக் கேள்விக்கு ஆம் என்பதைத் தவிர வேறு எந்தப் பதிலைச் சொன்னாலும் திட்டு விழும் என்று என் தந்தை நினைத்தார். அவர் நினைத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

வழக்கமான மருத்துவருக்குப் பதிலாக ஒரு நாள் பணியில் இருந்த இளம் மருத்துவர், "ஐயா, தினமும் இத்தனை மாத்திரை போடுவது யாருக்குமே சிரமம்தான். போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கும்?" என்று கேட்டார். என் தந்தை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எல்லா நாளும்தான், தம்பி" என்றார். அந்த மருத்துவர் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை; ஏன் என்று மட்டும் கேட்டார். இருமல் என்று தெரிந்ததும் லோசார்டான் என்னும் வேறு இரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்றி எழுதினார். அந்த மாத்திரையை என் தந்தை இன்றுவரை விடாமல் போடுகிறார்.

நாள்பட்ட நோய்களுக்கான மருந்துகளை, வசதி மிகுந்த நாடுகளில்கூட ஏறத்தாழப் பாதிப் பேர்தான் எழுதிக்கொடுத்தபடி உட்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. பாதிப் பேர் செய்கிற ஒன்றை ஒருவருடைய தனிப்பட்ட ஒழுக்கக்கேடுபோல விசாரித்தால் உண்மையான பதில் எப்படி வரும்?

சிறுநீரக மருத்துவர் ஒருவர் எழுதியது:

மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவனாகச் சிலவற்றைச் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மறைப்பது வலி மாத்திரையைத்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் திடீரென ஏறியிருக்கும். புதிதாக ஏதும் சாப்பிட்டீர்களா என்றால் இல்லை என்பார்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை மேலும் குறைத்துவிடும் என்பதால், அந்த ஒரு செய்தி தெரியாவிட்டால் நான் நோயே முற்றிவிட்டதென்று நினைத்துத் தவறான திசையில் போய்விட முடியும். ஆகவே இப்போது, "முழங்கால் வலிக்கும்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறேன். மருந்தைப் பற்றிக் கேட்டால் வராத பதில், முழங்காலைப் பற்றிக் கேட்டால் வந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னவரிடம் நான் ஒரு முறை கோபப்பட்டால், அடுத்த முறை எனக்குக் கிடைக்கும் தகவல் பாதியாகக் குறைந்துவிடும். அந்தக் குறைந்த தகவலை வைத்துக்கொண்டுதான் நான் மருந்தின் அளவை முடிவுசெய்ய வேண்டியிருக்கும். கோபத்தை அடக்குவதை நான் பெருந்தன்மையில் சேர்ப்பதில்லை. என் வேலை சரியாக நடக்க அது தேவைப்படுகிறது.

நேரமில்லை என்று நாங்கள் சொல்வது பொய்யன்று. ஆனால், நேரம் எங்கே போகிறது என்பதில் எங்களுக்கே தவறான கணக்கு இருக்கிறது. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கிய சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டது தெரியவந்தது. பேசவிட்டால் நிறுத்தமாட்டார்கள் என்னும் அச்சம்தான் அதற்குக் காரணம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் குறுக்கிடாமல் கேட்கப் பயிற்றுவிக்கப்பட்ட மருத்துவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது; அதில் நோயாளிகள் தாமாகவே பேசி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 92 வினாடிகள், அவர்களில் 78 விழுக்காட்டினர் இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துவிட்டனர். அந்த ஒன்றரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பதால் வரும் இழப்பு எப்படியிருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்: எல்லாம் முடிந்து எழுந்து கதவருகே போனவர், "இன்னொன்று டாக்டர், மூன்று நாளாக மூச்சு வாங்குகிறது" என்பார். அன்றைய சந்திப்பின் முதன்மையான செய்தி அதுவாகவே இருக்கும். அதனால் தொடக்கத்திலேயே, இன்று என்னென்ன பேச வேண்டும் என்று முழுப் பட்டியலையும் கேட்டுவிட்டு, எதை இன்று பார்ப்பது, எதை அடுத்த முறைக்கு வைப்பது என்று இருவருமாக முடிவுசெய்துகொள்வது எனக்கு உதவுகிறது.

முதல் வகை நீரிழிவுடன் வாழும் உறுப்பினர் எழுதியது:

முன்னால் எழுதியவர்களோடு ஒரு சிறு கருத்து வேறுபாடு எனக்கு உண்டு. கனிவாகப் பேசுவதையும் நம்பிக்கைக்கு உரியவராக இருப்பதையும் நாம் ஒன்றாகக் கருதிவிடுகிறோம். நான் மிகவும் நம்பும் மருத்துவர் கனிவானவரல்லர். நலம் விசாரிப்பதுகூட இல்லை. ஆயினும் தெரியாததைத் தெரியாது என்கிறார், பார்த்துச் சொல்கிறேன் என்றால் சொன்ன நாளில் அழைக்கிறார், போன முறை நான் சொன்னதை இந்த முறை அவரே நினைவுகூர்கிறார். இதற்கு முன் பார்த்தவர் இனிக்கப் பேசிவிட்டுக் கோப்பில் "ஒத்துழைக்காத நோயாளி" என்று எழுதிவைத்திருந்தார்.

இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் என் அளவு அப்போது ஒன்பதுக்குக் குறையாமல் இருந்தது உண்மை. காரணம் அலட்சியமன்று. உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து நனைந்து, எழ முடியாமல் கிடந்த ஓர் இரவுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது சர்க்கரையை வேண்டுமென்றே சற்று உயர்த்தியே வைத்திருந்தேன். தனியாக வசிப்பவருக்கு இரவில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவது என்ன அச்சத்தைத் தரும் என்பதை இலக்குகளை மட்டும் பார்க்கிறவர் உணர்வதில்லை. அந்தப் பரிசோதனை ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. கடுமையான ஏற்றமும் கடுமையான இறக்கமும் மாறிமாறி வந்தாலும் சராசரி அழகாக ஏழு என்று வரக்கூடும். தற்போதைய மருத்துவர் எண்ணைப் பார்த்ததும், "இரவில் பயப்படுகிறீர்களா?" என்று ஒரே வரியில் கேட்டார். இன்சுலின் அளவைச் சொல்லும் முன் தாழ்நிலை எச்சரிக்கை ஒலிக்கும் தொடர் கண்காணிப்புக் கருவியைப் பற்றிப் பேசினார். பயம் குறைந்த பின்பே எண்ணும் குறைந்தது.

மருந்தாளுநர் ஒருவர் எழுதியது:

மருத்துவர் அறையில் கேட்காத கேள்விகள் என் கவுண்டருக்குத்தான் வந்து சேர்கின்றன. மருத்துவர் சொல்லும் செய்திகளில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனடியாகவே மறந்துபோகின்றன என்று 2003இல் வெளியான ஒரு கட்டுரை தொகுத்துச் சொன்னது; தினமும் அதைக் கண்ணால் பார்க்கிறேன். தைராய்டுக்கான லெவோதைராக்சினையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, தைராய்டு அளவு ஏன் சரியாகவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மற்றொன்று, நிறுவனம் மாறி மாத்திரையின் நிறம் மாறும்போது ஏற்படும் குழப்பம். அதே மருந்துதான் என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், சிலர் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுகிறார்கள். சிலர் ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ணி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

ஆஸ்துமா உள்ள சிறுமியின் தாய் எழுதியது:

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றதும் எனக்கு நடுக்கம். முன்பு பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் பக்கவிளைவே கிடையாது என்றார்கள்; நான் நம்பவில்லை, மூச்சிரைப்பு வந்தபோது மட்டும் கொடுத்தேன். இப்போதைய மருத்துவர் எதைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று கேட்டார். மகள் வளராமல் போய்விடுவாள் என்றேன். அவர் மறுக்கவில்லை. சிறுவயதில் இந்த மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களை வளர்ந்த பின்னும் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானதாகவும், அதில் அவர்களுடைய உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்ததாகவும் சொல்லி, கட்டுக்கடங்காத ஆஸ்துமா ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பதையும் அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மருந்தைக் குறைந்த அளவிலேயே வைத்திருக்கலாம், உயரத்தை அவ்வப்போது அளக்கலாம், உறிஞ்சிய பின் வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்றும் கூறினார். ஒன்றுமே ஆகாது என்று சொன்னவர்களை நம்பாத நான், ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்றவரை நம்பினேன்.

முடக்குவாதத்துடன் வாழும் உறுப்பினர் மீண்டும் எழுதியது:

சிறுநீரக மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்க விரும்புகிறேன் என்று சொன்னால், இதுவரை பார்த்துவந்தவர் மனம் கோணுவாரோ என்று பலர் சொல்லாமலே போய்விடுகிறார்கள். அதை எப்படிச் சொல்வது?

சிறுநீரக மருத்துவரின் பதில்:

அம்மா, சிலர் கோணுவார்கள் என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் சொல்லிவிட்டுப் போவதே நல்லது. ஏனெனில் சொல்லாமல் போகிறவர் வெறுங்கையோடு போகிறார், அங்கே எல்லாப் பரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். "இந்த முடிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது, இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு உங்களிடமே வருகிறேன், அவருக்கு ஒரு குறிப்பு எழுதித் தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தேதிவாரியாகப் பரிசோதனை முடிவுகளையும் இப்போதைய மருந்துகளையும் எல்லோரும் எடுத்து வருகிறார்கள். நிறுத்திய மருந்துகளின் பட்டியலையும், ஒவ்வொன்றும் ஏன் நிறுத்தப்பட்டது, யார் நிறுத்தியது என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்; நீங்களே நிறுத்தியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். புதிதாகப் பார்க்கிறவர் முதலில் படிக்க விரும்புவது அந்தத் தாளைத்தான்.